ஐந்தாவது பூட்டு

கங்கைகொண்டான் சிப்காட். நொதிகலன் எண் நான்கு.
குருணையரிசி புளித்துச் சாராயமாகிற இடம்.
குடிப்பது பெட்ரோல் வண்டிகள்தான்.

பேர் எழுதுகிறவள் நான், ஜெபக்கனி.
உள்ளே போகிறவர் பேர், போன மணி,
வெளியே வந்த மணி.
இரண்டாவது மணியை ஒருநாளும்
முன்கூட்டி எழுதினதில்லை.

காலையில் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்,
கிணற்றில் வாளி விடுகிற மாதிரி.
விளிம்பில் இருபது புள்ளி ஒன்பது.
நடுவில் இருபதரை.
அடியில் பதினாறு; கீச்சென்று கத்தியது.
கரியமிலவாயு தண்ணீர் மாதிரி, பள்ளம் பார்த்துத் தங்கும்.
தண்ணீராயிருந்தால் பளபளப்பாவது தெரியும்.

"ஒரு மணிக்கு மாவுக் கரைசல் இறங்கணும்" என்றார் இஞ்சினியர்.
"இறங்கட்டும் சார், பதினாறுல ஆள் இறங்காது."
ஊதுவிசிறியை மறுபடி ஓட்டினோம்.
வெளியே ஆனிக் காற்று கூரைத் தகட்டைப் பிய்க்கிறது,
கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலையெல்லாம் சுற்றுகிறது,
இந்த ஒரு கலனுக்கு மட்டும்
காற்றைக் குழாய் போட்டு ஊட்ட வேண்டியிருக்கிறது.

கலக்கியின் ஸ்விட்சைப் பூட்டிய சாவியும்
நீராவி வால்வைப் பூட்டிய சாவியும்
சிவப்புப் பெட்டிக்குள்.
பெட்டியின் வாயில் ஐந்து பேருக்கு ஐந்து பூட்டு.
ஆவுடையப்பன் பூட்டில் அவன் மகள் ஒட்டிய மயில்.
அவரவர் சாவி அவரவர் சட்டைப்பையில்.

ஆவுடையப்பன் இறங்கினான், இடுப்பில் வார், முதுகில் கயிறு.
என் வேலை வாயிலில் நிற்பது.
அவன் விழுந்தால் விஞ்சைச் சுற்றலாம், ஆள் கூப்பிடலாம்.
தலையை மட்டும் உள்ளே விடக்கூடாது.
பயிற்சியில் கேட்டேன்: "கண்ணு முன்னால விழுந்தாலுமா சார்?"
"கண்ணு முன்னாலதாம்மா.
ஒரே குழியில ரெண்டாவதா செத்தவங்க
எல்லாருமே நல்லவங்க."
வீட்டில் அரிசி களையும்போது
அந்தப் பேச்சு வந்து பக்கத்தில் நிற்கும்.

பத்து நாற்பதுக்குக் கயிற்றை ஒருதரம் இழுத்தேன்.
பதிலுக்கு ஒருதரம் வரணும்.
வரவில்லை.
மறுபடி இழுத்தேன்.
முழங்கால் தானாக மடங்கி
ஓட்டைப் பக்கம் போகப் பார்த்தது.
வைது நிறுத்திவிட்டு விஞ்சைப் பிடித்தேன்.
ஆறு சுற்று.
"ஏ எக்கா! ஏன் தூக்குத?
ரெண்டு கையும் கசடு வாளியில இருக்குல்லா!"
"வாளி கிடக்கட்டும் மூதி, பதில் இழு."
அதற்குப் பிறகு, நான் இழுக்காதபோதும்
அவன் இழுத்துக்கொண்டே இருந்தான்.

பன்னிரண்டரைக்கு நாலு பூட்டுகள் கழன்றன.
ஐந்தாவது தொங்குகிறது.
வெல்டர் மைதீன் பிச்சை.
வெள்ளிக்கிழமை. சாவியைச் சட்டையில் போட்டபடியே
ஊருக்குள் தொழுகைக்குப் போய்விட்டான்.
அவன் போன் லாக்கருக்குள் அடித்து ஓய்ந்தது.

"கட்டர் இருக்கு, வெட்டிருவோம்.
அவன் வெளிய வந்தது உங்க புஸ்தகத்துலயே இருக்கே."
இருக்கிறது. என் கையெழுத்துதான். பன்னிரண்டு ஐந்து.
"வந்ததப் பார்த்தேன் சார்.
திரும்பிப் போகலன்னு யார் பார்த்தா?
பன்னிரண்டேகாலுக்கு நான் பாத்ரூம் போயிருந்தேன்.
மூடி மாட்டல."

வாயிலில் நின்றே டார்ச் அடித்துப் பார்த்தார்.
காலி.
காலியென்று எனக்கும் தெரியும்.
பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு
படியில் உட்கார்ந்தேன்.
மேலே மாவு ஆறிக்கொண்டிருந்தது.
இஞ்சினியர் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.
வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு புள்ளிமான்
உடைமுள்ளுக்குள் காதை மட்டும் திருப்பியது.

தலையில் தொப்பியோடே ஓடிவந்தான், அத்தர் மணக்க.
"மறந்துட்டேம்க்கா."
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சாவி திரும்பிய சத்தம்
அவ்வளவு பெரிய ஆலையில் எல்லோருக்கும் கேட்டது.

பூட்டுக்கென்று புத்தகத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்:
ஒன்று நாற்பத்திரண்டு.
நான்கில் யாரும் இல்லை.